வட்டத்துக்குள்ள யார் எவ்வளவு திரும்புறாங்க?

நம்ம சுவர் இதழில் கதை, கவிதை, விடுகதை எல்லாம் வருது. கணக்கு மட்டும் வர்றதே இல்லை. அதனால இந்தத் தாள் முழுக்கக் கணக்குதான். தலைப்பைப் பார்த்துட்டு நகர்ந்து போயிடாதீங்க, இதில் விளையாட்டும் இருக்கு.

வட்டம் பற்றிய தேற்றத்தை நாம எப்படிப் படிக்கிறோம்? மையத்தில் உள்ள கோணம் பரிதியில் உள்ள கோணத்தைப் போல இரண்டு மடங்கு என்று கண்ணை மூடிக்கிட்டு பத்து தடவை சொல்லிப் பார்ப்போம். பரீட்சையில் அதே படம், அதே எழுத்து வந்தா எழுதிடுவோம். படத்தைத் தலைகீழாப் போட்டு எழுத்தையும் மாத்திட்டாங்கன்னா, பேனாவைக் கடிச்சிக்கிட்டு 'அல்லது' போட்ட கேள்வி எங்கேன்னு தேடுவோம். அஞ்சு மார்க் போறது கூடப் பரவாயில்லை. "எனக்குக் கணக்கு வராது" என்று தனக்குத்தானே முடிவு கட்டிடறாங்களே, அதுதான் எனக்குப் பிடிக்கலை. நல்லாக் கோலம் போடுற, கோகோவில் எல்லாரையும் ஏமாத்தி ஓடுற பிள்ளைக்கு வட்டமும் கோணமும் வராதுன்னா யாராவது நம்புவாங்களா?

கோணம் என்றால் என்ன? திரும்பிய அளவு. அவ்வளவுதான். முழுசா ஒரு சுத்து திரும்பினா 360°, பாதி சுத்து 180°, கால் சுத்து 90°. வட்டத்தில் எந்தக் கணக்கு வந்தாலும் "இங்கே யார் நிக்கிறாங்க, எவ்வளவு திரும்புறாங்க" என்று கேட்டுப் பாருங்க. பாதிக் கணக்கு அங்கேயே முடிஞ்சுடும்.

மைதானத்தில் ஒரு விளையாட்டு

ஒரு குச்சியை நட்டு, கயிறு கட்டி, மண்ணில் பெரிய வட்டமாகக் கீறிக்கோங்க. மூணு பேர் வேணும். ஒருத்தி நடுவில் குச்சி இருந்த இடத்தில் நிக்கணும். இன்னொருத்தி கோட்டு மேலே நிக்கணும். மூணாவது ஆள் கோட்டு மேலேயே நடக்கணும். நிக்கிற ரெண்டு பேரும் ஒரு கையை நேரா நீட்டி நடக்கிறவளையே காட்டிக்கிட்டு, அவ போகப் போகத் திரும்பணும். கிளம்பும்போது கை காட்டின திசையிலும், நின்ன பிறகு கை காட்டின திசையிலும் காலடியில் ஒவ்வொரு குச்சி வைங்க. ரெண்டு குச்சிக்கும் நடுவில் இருப்பதுதான் அவங்க திரும்பின கோணம்.

நடக்கிறவ கால் வட்டம் நடக்கட்டும். நடுவில் நிக்கிறவ வச்ச குச்சிகள் நோட்டு மூலை மாதிரி இருக்கும், அதாவது 90°. கோட்டு மேல நிக்கிறவ வச்ச குச்சிகளைப் பாருங்க. நோட்டு மூலையைச் சரிபாதியா மடிச்சா எவ்வளவு வருமோ அவ்வளவுதான் இருக்கும், 45°. இப்போ கோட்டு மேல நிக்கிறவளை வேற இடத்துக்கு மாத்தி நிக்க வச்சு, நடக்கிறவளை மறுபடியும் அதே பாதையில் நடக்கச் சொல்லுங்க. அப்பவும் 45°தான்! பக்கத்தில் நின்னாலும் தூரத்தில் நின்னாலும் மாறாது. நடக்கிறவ அவளைத் தாண்டிப் போகக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

நடக்கிறவ முழு வட்டமும் சுத்தி வந்தால், நடுவில் நிக்கிறவ ஒரு முழுச் சுத்து சுத்திடுவா. கோட்டு மேல நிக்கிறவளோ இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் வரைக்கும் பாதிச் சுத்துதான் திரும்பியிருப்பா. எப்பவும் பாதி.

ஏன் சரிபாதி?

விளையாட்டில் தெரிஞ்சா போதாது, காரணம் வேணும். கணக்கு டீச்சர் அதைத்தான் கேட்பாங்க. நடுவில் நிக்கிறவளை 'ம' என்றும், கோட்டு மேல நிக்கிறவளை 'க' என்றும் வச்சுக்குவோம். நடக்கிறவ 'ச' என்ற இடத்தில் கிளம்பி 'ட' என்ற இடத்தில் நிக்கிறா. இப்போ க-விலிருந்து ம வழியாக நேரா ஒரு கோடு போட்டு எதிர்ப்பக்கம் 'த' வரைக்கும் கொண்டு போங்க. இந்தக் கோடு ச-வுக்கும் ட-வுக்கும் நடுவில் வந்து விழுதுன்னு வச்சுக்குவோம்.

முக்கோணம் க ம ச-வைப் பாருங்க. மக ஒரு ஆரம், மச-வும் ஒரு ஆரம். ரெண்டும் ஒரே நீளம். அப்போ அது இருசமபக்க முக்கோணம். க-வில் 20° இருந்தால் ச-விலும் 20° இருந்தே ஆகணும். ம-வில் வெளியே இருக்கிற கோணம் ச ம த எவ்வளவு? வெளிக்கோணம் என்பது உள்ளே எதிரில் இருக்கிற ரெண்டு கோணத்தின் கூடுதல். 20 + 20 = 40°. அந்தப் பக்கம் ட-வுக்கும் இதே கதைதான். க-வில் 25° இருந்தால் ம-வில் 50°. கூட்டுங்க. க-வில் 20 + 25 = 45°, ம-வில் 40 + 50 = 90°. 20, 25 என்ற எண்களுக்குப் பதிலா எதைப் போட்டாலும் இரட்டிப்பு மாறாது. ச-வும் ட-வும் அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கமாக இருந்தால் கூட்டுறதுக்குப் பதிலாகக் கழிக்கணும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கிரேக்க நாட்டு யூக்ளிட் கி.மு. 300 வாக்கில் எழுதிய 'எலிமெண்ட்ஸ்' நூலில் மொத்தம் 13 பகுதி. அதில் மூன்றாவது பகுதி முழுக்க வட்டம். இந்தத் தேற்றம் அங்கே 20-ஆவது. அவரும் இதே இருசமபக்க முக்கோணம், இதே வெளிக்கோணம் வச்சுத்தான் நிரூபிச்சிருக்கார். இத்தனை நூற்றாண்டு ஆகியும் இதைவிடச் சின்ன வழி வேண்டியிருக்கலை பாருங்க.

பரீட்சைக் கணக்கு ஒண்ணு போட்டுப் பார்ப்போம். ம மையம். க, ச, ட மூணும் வட்டத்தின் மேல் இருக்கு. ட பெரிய வில்லின் மேல். கோணம் ம க ச = 35°. கோணம் க ட ச எவ்வளவு? நிறையப் பேர் 35-ஐ அப்படியே பாதியாக்கிடுவாங்க. கூடாது. 35° யார் திரும்பினது? நடுவில் நிக்கிறவ இல்லை. முதலில் மச ஆரத்தைப் போடுங்க. இருசமபக்க முக்கோணம் வந்தாச்சு, அதனால ச-விலும் 35°. மையத்தில் 180 - 70 = 110°. இதுதான் நடுவில் நிக்கிறவ திரும்பினது. ட-வில் நிக்கிறவ அதில் பாதி, 55°. ஆரம் போடாமல் இந்தக் கணக்கை ஒரு மணி நேரம் முறைச்சுப் பார்த்தாலும் நகராது.

வகுப்பில் மாட்டியிருக்கும் கடிகாரம்

மைதானத்துக்குப் போக முடியலைன்னா கடிகாரத்தைப் பாருங்க (பாடம் நடக்கும்போது இல்லை!). 12 எண்ணும் சம தூரத்தில் இருக்கு. அதனால ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்கு மையத்தில் 360 ÷ 12 = 30°. விளிம்பில் உட்கார்ந்து பார்க்கிறவங்களுக்கு அதில் பாதி 15°. இந்த "ஒரு மணிக்குப் பதினைஞ்சு" என்பதை வச்சுக்கிட்டா கோணமானியே தேவையில்லை.

12-லிருந்து 4-க்கு ஒரு கோடு, 12-லிருந்து 7-க்கு ஒரு கோடு போடுங்க. 12-ல் என்ன கோணம்? 4-லிருந்து 7 வரை மூணு மணி. 3 × 15 = 45°. 10-ல் உட்கார்ந்து அதே 4-ஐயும் 7-ஐயும் பார்த்தாலும் 45°. 1-ல் உட்கார்ந்தாலும் 45°. ஒரே வட்டத்துண்டில் அமையும் கோணங்கள் சமம் என்று புத்தகத்தில் கட்டம் போட்டிருக்கே, அது இதுதான். தனியா மனப்பாடம் வேண்டாம்.

5-ல் உட்கார்ந்தா? 5 என்பது 4-க்கும் 7-க்கும் நடுவிலேயே இருக்கு. அங்கிருந்து பார்க்கிறவங்க மற்ற பக்கத்தைத்தான் பார்க்க முடியும். 7-லிருந்து 12 வழியாக 4 வரைக்கும் ஒன்பது மணி. 9 × 15 = 135°. இப்போ 45-ஐயும் 135-ஐயும் கூட்டிப் பாருங்க. 180! வட்ட நாற்கரத்தின் எதிர்க் கோணங்களின் கூடுதல் 180° என்று படிக்கிறோமே, அதற்குக் காரணம் இவ்வளவுதான். எதிரெதிரே இருக்கிற ரெண்டு பேரும் சேர்ந்து கடிகாரம் முழுக்கப் பார்த்துடறாங்க. 12 × 15 = 180. எனக்கு இந்தத் தாளில் ரொம்பப் பிடிச்ச வரி இதுதான்.

இன்னொண்ணு. 12-ஐயும் 5-ஐயும் ஒரு நாணாகச் சேருங்க. 3-ஐயும் 8-ஐயும் இன்னொரு நாணாகச் சேருங்க. ரெண்டும் உள்ளே வெட்டிக்கும். ரெண்டுமே மையம் வழியாகப் போகலை, கோணல் மாணலாத்தான் தெரியும். ஆனா வெட்டுற இடத்தில் சரியா 90°! எப்படின்னா 12-ஐயும் 8-ஐயும் சேர்த்து ஒரு முக்கோணம் ஆக்குங்க. 12-ல் இருக்கிற கோணம் 5-லிருந்து 8 வரை பார்க்குது, மூணு மணி, 45°. 8-ல் இருக்கிற கோணம் 12-லிருந்து 3 வரை பார்க்குது, அதுவும் மூணு மணி, 45°. வெட்டுற இடத்தில் வெளிக்கோணம் 45 + 45 = 90°. நம்பாதவங்க டிபன் பாக்ஸ் மூடியை வச்சு வட்டம் போட்டு அளந்து பாருங்க.

காம்பஸ் இல்லாதவங்களுக்கு

டிபன் பாக்ஸ் மூடி என்றதும் ஞாபகம் வருது. எல்லாரிடமும் ஜாமிட்ரி பாக்ஸ் இருக்காது. இருந்தாலும் ஆறு மாதத்தில் காம்பஸ் திருகு லூசாகிக் கால் ஆடும். வளையல் வச்சு வட்டம் போட்டுடலாம், ஆனா மையம் எங்கேன்னு தெரியாது. மையம் தெரியலைன்னா ஆரம் போட முடியாது. ஆரம் போடலைன்னா மேலே சொன்ன ஒண்ணும் நடக்காது.

இதற்கும் தேற்றமே வழி சொல்லுது. கடிகாரத்தில் 12-ஐயும் 6-ஐயும் விளிம்பிலிருந்து பார்க்கிறவங்களுக்கு ஆறு மணி, 6 × 15 = 90°. அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம். அதைத் திருப்பிப் போடுங்க. விளிம்பில் செங்கோணம் வச்சால் அதன் ரெண்டு பக்கமும் வட்டத்தை வெட்டுற இடங்கள் ஒரு விட்டத்தின் முனைகளாக இருந்தே ஆகணும்.

ஒரு தாளை எடுத்து அதன் மூலையைச் சரியா வட்டக் கோட்டின் மேல் வைங்க. தாளின் ரெண்டு ஓரமும் வட்டத்தை எங்கே வெட்டுதோ அங்கே புள்ளி வைங்க. ஸ்கேல் வச்சு ரெண்டு புள்ளியையும் சேருங்க, ஒரு விட்டம் கிடைச்சாச்சு. மூலையை வட்டத்தில் வேற இடத்தில் வச்சு இன்னொரு விட்டம் போடுங்க. ரெண்டு விட்டமும் வெட்டுற இடம்தான் மையம். கிழிஞ்ச தாள் வேண்டாம், மூலை மழுங்காத தாளாக இருக்கணும். நெளிஞ்ச உலோக வளையலும் வேண்டாம், அது வட்டமே இல்லை. கண்ணாடி வளையல்தான் நல்லது.

இந்த அரைவட்ட உண்மையைச் சுமார் 2600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த தேல்ஸ் என்ற கிரேக்க அறிஞர் பெயரால் சொல்றாங்க. பத்தாம் வகுப்பு அக்காக்கள் சண்டைக்கு வராதீங்க. நீங்க முக்கோணத்தில் படிக்கிற தேல்ஸ் தேற்றம் வேற, இது வேற. ஆள் மட்டும் ஒருத்தர்தான்.

உருளும் மூடி

இதுவரைக்கும் நின்ன இடத்தில் திரும்பினோம். உருண்டுக்கிட்டே திரும்பினா?

கண்ணாடிக் கலர் பாட்டில் மூடி ரெண்டு எடுத்துக்கோங்க. அதன் விளிம்பு பல் பல்லா இருப்பதால் வழுக்காமல் உருளும். ஒண்ணை அசையாமல் பிடிச்சுக்குங்க. இன்னொண்ணின் மேல் ஒரு அம்புக்குறி போட்டு, அம்பு மேலே பார்க்கிற மாதிரி வச்சு, முதல் மூடியின் விளிம்பை ஒட்டியே உருட்டி ஒரு சுத்து கொண்டு வாங்க. அம்பு எத்தனை தடவை முழுசாச் சுத்தும்? ரெண்டு மூடியும் ஒரே அளவு, சுற்றளவும் ஒண்ணு, அதனால ஒரு தடவை என்றுதான் எல்லாரும் சொல்வாங்க. உருட்டிப் பாருங்க. பாதி தூரம் போகும்போதே அம்பு ஒரு சுத்து முடிச்சு மறுபடி மேலே பார்க்கும். முழுசாப் போய் வந்தா ரெண்டு சுத்து!

அந்த இன்னொரு சுத்து எங்கிருந்து வந்தது? கோயில் பிரகாரத்தைச் சுத்தி வர்றதை நினைச்சுக்கோங்க. நாம தட்டாமாலை ஒண்ணும் சுத்தலை, நேரா முன்னால் பார்த்துத்தான் நடக்கிறோம். ஆனாலும் கிழக்கே பார்த்து, தெற்கே பார்த்து, மேற்கே பார்த்து, வடக்கே பார்த்து, மறுபடி கிழக்கே பார்த்து வந்துடறோம். சும்மா சுத்தி வந்ததற்கே ஒரு முழுத் திருப்பம் ஆகுது. மூடிக்கும் அப்படித்தான். உருண்டதற்கு ஒண்ணு, சுத்தி வந்ததற்கு ஒண்ணு. வேற மாதிரியும் கணக்குப் போடலாம். உருளுகிற மூடியின் மையம் போன பாதை ஒரு பெரிய வட்டம், அதன் ஆரம் மூடியின் ஆரத்தைப் போல இரண்டு மடங்கு. அதனால போன தூரமும் சுற்றளவைப் போல இரண்டு மடங்கு, ரெண்டு சுத்து.

இந்தக் கேள்வி ஒரு பெரிய தேர்வையே ஆட்டியிருக்கு. அமெரிக்காவில் கல்லூரியில் சேர விரும்பும் மாணவர்கள் எழுதுவது எஸ்.ஏ.டி. தேர்வு. 1982-ஆம் ஆண்டு அதில் ஒரு வினா வந்தது. சின்ன வட்டத்தின் ஆரம் பெரிய வட்டத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு. சின்னது பெரியதைச் சுற்றி உருண்டு புறப்பட்ட இடத்துக்கு வர எத்தனை சுற்றுகள் சுற்றும்? கொடுத்திருந்த ஐந்து விடைகளில் தேர்வு நடத்தியவர்கள் சரி என்று வச்சிருந்தது 3. உண்மையான விடை 3 + 1 = 4. அது அந்த ஐந்தில் இல்லவே இல்லை! சுமார் 3 லட்சம் பேர் எழுதிய தேர்வு. மூணு மாணவர்கள் மட்டும் வினாவே தவறு என்று எழுதித் தெரிவிச்சாங்க. அவங்க சொன்னது சரி என்று ஒத்துக்கிட்டு, அந்த வினாவை நீக்கி, எல்லாருடைய மதிப்பெண்ணையும் திரும்பக் கணக்கிட்டாங்க. அச்சடிச்சு வந்ததாச்சே என்று அந்த மூணு பேரும் பயந்து 3-ஐக் குறிச்சிட்டுப் போயிருக்கலாம். அவங்க போகலை.

நம்ம பூமியும் ஒரு மூடிதான். ஒரு வருஷத்தில் நாம 365 பகல் பார்க்கிறோம். ஆனா நட்சத்திரங்களை வச்சு எண்ணினா பூமி தன்னைத்தானே சுத்துறது சுமார் 366 தடவை. சூரியனைச் சுத்தி வந்ததற்கு ஒரு சுத்து அதில் கலந்திருக்கு. அதனாலதான் பூமி ஒரு முறை சுத்த 24 மணி ஆகலை, 23 மணி 56 நிமிடம்தான் ஆகுது. கடிகாரத்து முள்ளிலும் இந்த ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. 12 மணி நேரத்தில் பெரிய முள் 12 சுத்து, சின்ன முள் 1 சுத்து. ரெண்டும் எத்தனை தடவை ஒண்ணு மேல ஒண்ணு வரும்? 12 இல்லை, 12 - 1 = 11. இங்கே ஒண்ணு கூடலை, குறையுது, ஏன்னா சின்ன முள்ளும் அதே திசையில் ஓடிக்கிட்டே இருக்கு, பெரிய முள் அதைத் துரத்திப் பிடிக்கணும். பக்கத்தில் பச்சை ஸ்கெட்ச்சில் வரைந்திருக்கும் படத்தில் விரல் வச்சுச் சுத்திப் பாருங்க. (மை ஒட்டினால் நான் பொறுப்பில்லை.)

இனி உங்க முறை. மூன்று கேள்வி தர்றேன்.

ஒன்று. கடிகாரத்தில் 2, 6, 9 மூன்றையும் சேர்த்தால் வரும் முக்கோணத்தின் மூன்று கோணங்கள் என்ன? கோணமானி தொடக் கூடாது.

இரண்டு. மணி 3.30. பெரிய முள்ளுக்கும் சின்ன முள்ளுக்கும் நடுவில் எத்தனை டிகிரி? 90 என்று சொல்றவங்க சின்ன முள்ளை நல்லாப் பாருங்க, அது 3-லேயே நிக்கலை.

மூன்று. பெரிய வளையம் ஒன்றின் உள்பக்க விளிம்பை ஒட்டி ஒரு மூடி உருளுது. வளையத்தின் ஆரம் மூடியின் ஆரத்தைப் போல மூன்று மடங்கு. ஒரு சுத்து வரும்போது மூடியின் அம்பு எத்தனை தடவை சுத்தும்? வெளியே உருண்டா 4 என்று பார்த்தோம். உள்ளே?

விடையை ஒரு துண்டுத் தாளில் பெயர், வகுப்பு எழுதி என்னிடம் கொடுங்க. எண் மட்டும் எழுதினா போதாது, காரணமும் வேணும். சரியான விடைகளை அடுத்த தாளில் எழுதுறேன்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி